பூதத்தை ஆட்டத்துக்குள் விடும் முன்: அக்காவின் டிப்ஸ்

இந்த லீவுக்கு நீதான் ஆட்டம் நடத்தப்போறேன்னு தெரிஞ்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டத்துல விளையாடுறவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்குவாங்க. ஒருத்தி வாள்வீராங்கனை, ஒருத்தன் மந்திரவாதி, இன்னொருத்தன் பூட்டு உடைக்கிற திருடன். அவங்க எதிர்ல வர்ற காடு, குகை, சத்திரக்காரர், மான்ஸ்டர் எல்லாமே டன்ஜன் மாஸ்டரான உன் பொறுப்பு. கதையும் மேப்பும் போகப்போகக் கைக்கு வந்துடும். மான்ஸ்டரைத் தேர்ந்தெடுக்கிறதுதான் சிரமம். புத்தகத்துல படம் பயங்கரமா இருக்குன்னு ஒண்ணை எடுத்துப் போட்டா, அரைமணி நேரம் பகடை உருட்டி உருட்டிப் பசங்க கொட்டாவி விடுவாங்க. இல்லேன்னா ரெண்டே அடியில எல்லாரும் விழுந்து, ஆட்டம் அங்கேயே முடிஞ்சுடும்.

அதனால, எந்த மான்ஸ்டரா இருந்தாலும் உள்ளே விடும் முன்ன அதைக் கொஞ்சம் விசாரிச்சுப் பாரு. என்னோட முதல் கேள்வி இதுதான்: இதை வெட்டறதைத் தவிர பசங்களால வேற என்ன செய்ய முடியும்? மறைஞ்சு போகலாமா, பேரம் பேசலாமா, ஏமாத்தலாமா, பசியாத்தி அனுப்பலாமா? ஒண்ணுமே தோணலேன்னா அந்த மான்ஸ்டர் வெறும் ஹிட் பாயிண்ட் மூட்டை (ஹிட் பாயிண்ட்னா அது தாங்குற அடியோட அளவு). அதை விட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பு.

மான்ஸ்டரை இப்படி எடை போடுறது நான் கண்டுபிடிச்ச வேலை இல்லை. இந்த ஆட்டம் 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தது. 1977-ல மான்ஸ்டர் மேனுவல்ங்கிற புத்தகம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒயிட் டுவார்ஃப் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ன்னு ஒரு பகுதியே நடத்தினாங்க. வாசகர்கள் தாங்களே உருவாக்கின மான்ஸ்டர்களை அனுப்புவாங்க. அதுல தேறினதையெல்லாம் சேர்த்து டான் டர்ன்புல் தொகுத்ததுதான் 1981-ல வந்த ஃபீண்ட் ஃபோலியோ. அந்தப் புத்தகத்துல பாதியை இன்னிக்கு யாரும் சீண்டுறதில்லை. ஆனா சார்லஸ் ஸ்ட்ராஸ் அனுப்பின கித்யாங்கி இன்னிக்கும் நிக்குது. பின்னாளில் அவர் அறிவியல் புனைகதை நாவலாசிரியரா பெயர் எடுத்தார். கித்யாங்கி நின்னதுக்குக் காரணம் நம்பர் இல்லை. அடிமையா கிடந்து, எசமானை எதிர்த்து விடுதலை வாங்கின கூட்டம் அது. அதுக்குன்னு ஒரு வஞ்சமும் ஒரு நோக்கமும் இருக்கு.

நம்பரை அப்படியே நம்பாதே

ஒவ்வொரு மான்ஸ்டர் பக்கத்துலயும் சேலஞ்ச் ரேட்டிங்னு ஒரு எண் இருக்கும். 2-ன்னு போட்டிருந்தா, இரண்டாம் லெவல்ல இருக்கிற நாலு பேர் யாரும் சாகாம சமாளிக்கலாம்னு அர்த்தம். இது ஒரு தோராயம்தான். உன் வீட்டுப் பாய்ல உட்கார்ந்திருக்கிற நாலு பேரை அது பார்த்ததில்லை.

ஒரு உதாரணத்தை முழுசா போட்டுப் பார்ப்போம், ஏன்னா இந்தக் கணக்கை ஒருதரம் கையால போட்டாத்தான் புரியும். நம்ம கண்மாய்க்கரையில ராத்திரி மினுக்குற கொள்ளிவாய்ப் பிசாசு உனக்குத் தெரியும். சேத்துல இருந்து கிளம்புற வாயு எரியுதுன்னு சயின்ஸ் டீச்சர் சொல்வாங்க. ஆட்டத்துக்கு நமக்குப் பிசாசுதான் வேணும். ஆட்டத்தோட ஐந்தாம் பதிப்புல இதுக்கு ஈடா வில்-ஓ-விஸ்ப் இருக்கு. ரேட்டிங் 2, ஹிட் பாயிண்ட் வெறும் 22. பார்த்தா சுண்டைக்காய்.

இப்ப ஆர்மர் கிளாஸை, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண்ணைப் பாரு: 19. முதல் லெவல் வீரனுக்கு அடிக்கும்போது பகடையில விழறதோட வழக்கமா +5 கிடைக்கும். அப்ப 20 முகப் பகடையில 14-ஓ அதுக்கு மேலயோ விழுந்தாத்தான் அடி படும். அதாவது நூத்துக்கு 35 தடவை. பட்டாலும் சாதா ஆயுதத்தோட அடியில பாதிதான் ஏறும். நெருப்பு, குளிருக்கும் அப்படியே பாதி. நாலு பேரும் ஒரு சுத்து அடிச்சா சராசரியா 5 பாயிண்ட் குறையும். ஆக நாலைஞ்சு சுத்து. அதுக்குள்ள அது சும்மா இருக்காது. ஒரு ஷாக் அடிச்சா சராசரி 9. முதல் லெவல் மந்திரவாதிக்கு மொத்தமே 7 அல்லது 8 தான் இருக்கும். அவன் விழுந்தான்னா, பக்கத்துல வந்து உயிரை உறிஞ்சும். விழுந்தவன் 10-க்குக் குறைவா உருட்டினா செத்தே போவான், பிசாசுக்குப் பத்து பாயிண்ட் திரும்ப ஏறும். கடைசியா, நினைச்ச நேரத்துல கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சுடும்.

ரேட்டிங்ல 2-ன்னு இருந்ததுக்குள்ள இவ்வளவு இருக்கு பாரு. ஆனாலும் இந்த மான்ஸ்டர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வெட்டறதைத் தவிர செய்ய நிறைய இருக்கு. வெளிச்சத்துக்குப் பின்னாடி போகாம இருக்கலாம். ஒருத்தர் இடுப்புல ஒருத்தர் கயிறு கட்டிட்டு நடக்கலாம். விழுந்தவனை முதல்ல இழுத்துட்டு ஓடலாம். மேஜிக் மிசைல் மந்திரம் வச்சிருந்தா குறி தப்பாது, சேதமும் பாதியாகாது. ரெண்டு தடவை விட்டா கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஆனா கண்ணுக்குத் தெரியும்போதே விடணும். அதனால இதைத் தள்ளாதே, திருத்து. புதுசா வர்றவங்களுக்கு ஆர்மர் கிளாஸை 15 ஆக்கு, பத்து விழுந்தாலே அடி படும். ஷாக்கை ஒரு 8 முகப் பகடையா குறை. உயிர் உறிஞ்சுறதை ஆளைக் கொல்றதா வைக்காம, ஆள் கையில இருக்கிற விளக்கை அணைக்கிறதா மாத்து. இருட்டே போதும், அவங்க பாத்துக்குவாங்க.

எண்ணிக்கையும் ரேட்டிங் அளவுக்கு முக்கியம். தனியா ஒரு பெரிய ஓகர் வந்தா, அதுக்கு ஒரு சுத்துக்கு ஒரே அடி. உன் பசங்களுக்கு நாலு. அஞ்சாறு குட்டிக் காப்ளின் வந்தா, ஒவ்வொண்ணுக்கும் ஹிட் பாயிண்ட் 7 தான்னாலும் அஞ்சாறு அடி விழும். பெரிய உருவத்தைப் பார்த்துப் பயப்படாதே, எந்தப் பக்கத்துக்கு எத்தனை தடவை அடிக்கிற முறை வருதுன்னு எண்ணு.

அது எதுக்கு வந்துச்சு, எப்ப ஓடும்?

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் நம்ம பக்கத்துத் திருமயத்துல ஒரு சுவர்ல இருக்கு. அங்க போனா கோட்டை மேல ஏறி பீரங்கி பக்கத்துல போட்டோ எடுத்துட்டு இறங்கிடாதே. கிழவன் சேதுபதி 1687-ல கட்டின கோட்டை அது, பார்க்கணும்தான். ஆனா மலையடியில சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைக்குள்ள போ. பள்ளிகொண்ட பெருமாள், சுத்தி தேவர்கள், ரிஷிகள், ஆதிசேஷன் வாயில இருந்து கிளம்புற சுவாலை, அது தாங்காம விலகி ஓடுற மது, கைடபன்னு ரெண்டு அசுரர்கள். ஒரு நல்ல என்கவுன்டருக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரே சுவர்ல இருக்கு.

அங்க சொல்ற கதை இது. பெருமாள் யோகநித்திரையில இருக்கும்போது, தாயார்களைத் தூக்கிட்டுப் போகலாம்னு அசுரர்கள் வந்தாங்க. பெருமாளை எழுப்பாம ஆதிசேஷனே விஷத்தைக் கக்கி விரட்டிட்டார். அப்புறம், உத்தரவு கேட்காம செஞ்சுட்டோமேன்னு அவருக்குக் கூச்சம் வந்துடுச்சு. பெருமாள் தட்டிக்கொடுத்துத் தேத்தினார்.

இதை டன்ஜன் மாஸ்டர் கண்ணால பாரு. அசுரர்களுக்கு ஒரு திட்டம் இருக்கு: சண்டை போட வரலை, தூக்கிட்டுப் போக வந்தாங்க. அப்ப உன் பசங்க ஜெயிக்க அவங்களைக் கொல்லணும்னு அவசியம் இல்லை, தூக்க விடாம தடுத்தாலே போதும். காவல் இருக்கிற நாகத்துக்குத் தன் சுயபுத்தி இருக்கு, எசமானைக் கேட்காம முடிவெடுக்குது, அப்புறம் தவிக்குது. புத்தகத்துல கார்டியன் நாகான்னு இருக்கே, அதுக்கு இந்தத் தவிப்பைக் கொடுத்துப் பாரு, பசங்க அதோட பேச ஆரம்பிச்சுடுவாங்க. இன்னொண்ணு, அந்தச் சுவர்ல அசுரர்கள் ஓடுறாங்க. தோக்கப்போறோம்னு தெரிஞ்சா உயிருள்ளது எதுவும் ஓடத்தான் செய்யும். கடைசி ஹிட் பாயிண்ட் வரை நின்னு சாகிற மான்ஸ்டர்தான் ஆட்டத்தை இழுக்குது.

பழைய பதிப்புகள்ல இதுக்குன்னே ஒரு விதி இருந்துச்சு. டாம் மோல்ட்வே 1981-ல திருத்தி எழுதின பேசிக் புத்தகத்துல ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் மொரேல்னு, அதாவது மன உறுதின்னு ஒரு எண் உண்டு. அந்தக் கூட்டத்துல முதல் ஆள் செத்ததும் ஒருதரம், பாதிப்பேர் விழுந்ததும் ஒருதரம், ரெண்டு சாதா பகடையை உருட்டணும். அந்த எண்ணைத் தாண்டினா ஓட்டம் பிடிக்கும், இல்லேன்னா சரணடையும். காப்ளினுக்கு 7. அதாவது நூத்துக்கு 42 தடவை ஓடும். நீ எந்தப் பதிப்பு விளையாடினாலும் இந்த விதியை எடுத்துச் சேர்த்துக்கோ. சண்டை பாதி நேரத்துல முடியும். ஓடினது எங்க போய்ச் சேர்ந்துச்சு, யாரைக் கூட்டிட்டு வரும்னு அடுத்த வாரத்துக்குக் கதையும் கிடைக்கும்.

அப்பத்தாகிட்ட கேளு

நம்ம ஊர்ப் பேய்க்கதைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒவ்வொரு பேய்க்கும் ஒரு விதி உண்டு. ராத்திரி வாசல்ல நின்னு யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா முதல் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது, மூணாவது குரலுக்குத்தான் சொல்லணும். கறிச்சோறு எடுத்துட்டு இருட்டுல போனா கூடவே கரித்துண்டோ இரும்போ வைக்கணும். பின்னாடி கொலுசுச் சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்கக் கூடாது. துடைப்பம், செருப்பு, வேப்பிலைக்குப் பேய் அஞ்சும். வேதாளம் கதை சொல்லும்போது வாய் திறந்தா அது திரும்பப் போய் முருங்கை மரத்துல தொங்கிடும்.

இதெல்லாம் அப்படியே ஆட்ட விதிகள். விளையாடுறவங்களுக்கு முன்கூட்டித் துப்பு இருக்கு, தப்பு பண்ணினா விளைவு இருக்கு, தப்பிக்க வழி இருக்கு. காசு கொடுத்து வாங்குற புத்தகங்கள்ல பல மான்ஸ்டருக்கு இந்த மூணும் இருக்காது. உன் குழு வாடகை வண்டியில கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு ராத்திரி கிளம்புதுன்னு வை. சமையல்காரம்மா ஒரு இரும்பு ஆணியை நீட்டுறாங்க. வாங்கிக்கிட்டாங்களா, வேண்டாம்னு சிரிச்சாங்களா, குறிச்சு வச்சுக்கோ. புளியமரத்தடியில வண்டி நிக்கும்போது அது உனக்கு உதவும்.

அதனால அப்பத்தா, அம்மாச்சி, பக்கத்து வீட்டுப் பெரியவர்னு எல்லார்கிட்டயும் கேட்டு ஒரு நோட்டுல எழுது. எங்க வரும், எந்த நேரம், என்ன அறிகுறி, எதுக்கு அஞ்சும், எப்படிப் போகும். இந்த அஞ்சு வரி வந்துட்டா நம்பரைப் புத்தகத்துல இருந்து கடன் வாங்கிக்கலாம். ஐந்தாம் பதிப்போட அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க. இலவசமா இறக்கி, திருத்தி, தமிழ்ல எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கலாம். எங்க இருந்து எடுத்ததுன்னு மட்டும் குறிப்பிடணும்.

கடன் வாங்கின உருவத்தைச் சரிபார்

ஆங்கிலப் புத்தகத்துல நம்ம பக்கத்துப் பேர் இருக்கிற மான்ஸ்டரைப் பார்த்தா இன்னும் கவனமா படி. 1977 மேனுவல்ல ராட்சசன் புலித்தலையோட, குழாய்ல புகைபிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். ஆசீர்வதிச்ச கிராஸ்போ அம்பு பட்டா செத்துடுவான். இது நம்ம புராணத்துல இருந்து போகலை, 1974-ல ‘கோல்சாக்’ங்கிற அமெரிக்க டி.வி. தொடர்ல வந்த ஒரு எபிசோட்ல இருந்து போனது. மனசுல இருக்கிற ஆளோட உருவத்தை எடுத்துட்டு வந்து ஏமாத்துறவன் அவன். அந்த ஏமாத்து நல்ல யோசனை, வச்சுக்கோ. ஆனா ஐந்தாம் பதிப்புல ரேட்டிங் 13, சின்ன மந்திரம் எதுவும் ஏறாது. உன் பசங்களுக்கு இப்போதைக்கு எட்டாத உயரம். ராட்சசன் வேணும்னா நம்ம கதைகள்ல வர்ற மாதிரி செய்: வரம் வாங்கினவன், வரத்துல ஒரு ஓட்டை வச்சிருக்கிறவன். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிறதே மூணு வார ஆட்டம்.

நம்ம பக்கத்து எழுத்தாளர்களும் இப்ப அதே ஆட்டத்துக்கு எழுதுறாங்க. 2022-ல வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்புல மிமி மண்டல் வங்காளத்து நதிக்கரைச் சாயல்ல ஒரு கதை எழுதியிருக்காங்க. நம்ம வறண்ட பூமிக்கும் ஊருணிக்கும் யாரும் இன்னும் எழுதலைன்னா, நீ எழுது.

எழுத எனக்கு ரொம்ப ஆசையான மான்ஸ்டர் யாளி. கொடும்பாளூர் மூவர் கோவில் அடித்தளத்துல வரிசையா யாளிகள் இருக்கு. பூதி விக்கிரமகேசரி கட்டின மூணு கோவில்ல இப்ப ரெண்டுதான் நிக்குது, மூணாவதோட அடித்தளம் மட்டும் கிடக்குது. நார்த்தாமலை சமணர் குடகு முன்னாடி இருக்கிற மேடையிலயும் யாளி, யானை, மகரம் எல்லாம் நடந்துபோற மாதிரி செதுக்கியிருக்காங்க. அதைப் பார்த்துட்டுப் புத்தகத்துக்கு வா. கிரிஃபன் பக்கத்தை எடு: ஹிட் பாயிண்ட் 59, ஆர்மர் கிளாஸ் 12, ரேட்டிங் 2. இறக்கையை எடுத்துடு. சிங்கத்தோட பக்கத்துல இருக்கிற பாய்ச்சலைச் சேரு: 20 அடி ஓடிவந்து அறைஞ்சா, பலத்தால தாக்குப்பிடிக்காத எதிராளி கீழே விழணும். தும்பிக்கை இருக்கிற யாளின்னா ஆளைச் சுத்திப் பிடிக்கும். நம்ம கோயில் யாளிகள் சிலதுக்கு வாய்க்குள்ள கல்லுருண்டை இருக்கும், உருட்டலாம், வெளிய எடுக்க முடியாது. அதை அறிகுறியா வை. இருட்டு மண்டபத்துல கல் உருள்ற சத்தம். அது எந்தத் தூண்ல இருந்து வருதுன்னு பசங்க கண்டுபிடிக்கட்டும். யாளி காவல் காக்குது. ஒழுங்கா அனுமதி கேட்டு உள்ளே போறவங்களை அது தடுக்க வேண்டியதில்லை. எப்படிக் கேட்கணும்னு கண்டுபிடிக்கிற வேலை அவங்களோடது.

மூவர் கோவில் கூரை விளிம்புக்குக் கீழ பூதகணங்களையும் பாரு. ஆடுது, சிரிக்குது, கொட்டு அடிக்குது. பூதம்னாலே எதிரின்னு யார் சொன்னது?

எதைத் தொடக் கூடாது

இதை மட்டும் அக்கா கண்டிப்பாவே சொல்வேன். கருப்பர், முனி, அய்யனாரை வெட்டிச் சாய்க்கிற மான்ஸ்டரா வைக்காதே. அது பக்கத்து வீட்டுக்காரங்க முடியிறக்கிக் காதுகுத்துற குலதெய்வம். குளமங்கலத்துல பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில்ல 30 அடிக்கு மேல உயரமான குதிரை நிக்குது. நேர்த்திக்கடனுக்குக் காகித மாலை சாத்துவாங்க. அந்தக் குதிரை உன் ஆட்டத்துல வரலாம், ராத்திரி எல்லையைச் சுத்தி வர்ற குளம்புச் சத்தமா வரலாம், குழு தவிக்கும்போது வழிகாட்டலாம். ஹிட் பாயிண்ட் போடாதே.

இன்னொண்ணு. காட்டுக்குள்ள இருக்கிற மான்ஸ்டர் கூட்டத்துக்கு, நம்ம ஊர்ல உண்மையா இருக்கிற எந்தத் தெருவோட பேச்சையும், உடுப்பையும், தொழிலையும் கொடுக்காதே. பிறந்ததாலேயே கெட்டவங்கன்னு ஒரு இனத்தை எழுதுறது பெரிய கம்பெனிக்கே தலைவலியாச்சு. ஓர்க், டிரோ இனங்களை எழுதின விதத்தை மாத்துறோம்னு 2020-ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளிப்படையா சொல்ல வேண்டிவந்துச்சு. நம்ம மண்ல இது இன்னும் ஆழமா குத்தும். விளையாட வர்ற பசங்க எந்தத் தெருவுல இருந்து வந்தாலும் அதே பாய்ல நிம்மதியா உட்காரணும்.

தொடங்கும் முன்ன ஒவ்வொருத்தரையும் தனியா கேளு, எது வேண்டாம்னு. ஒருத்திக்குப் பாம்பு ஆகாது, ஒருத்தனுக்குத் தண்ணியில மூழ்குறது ஆகாது. காரணம் கேட்காதே, எடுத்துடு. சின்னப் பசங்க இருந்தா ராத்திரி தனியா கொல்லைப் பக்கம் போகணுமேன்னும் யோசி.

கைவசம் வச்சுக்கோ

மான்ஸ்டரோட பக்கம் முழுசையும் ஆட்டத்துல படிச்சுக்கிட்டு இருக்காதே. ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில எழுது: ஆர்மர் கிளாஸ், ஹிட் பாயிண்ட், ஒரு அடி, ஒரு தந்திரம், என்ன வேணும், எப்ப ஓடும். அட்டையில அடங்கலைன்னா அந்த மான்ஸ்டர் உனக்கு இப்போதைக்கு அதிகம். ஹிட் பாயிண்டுக்குப் புளியங்கொட்டை எண்ணி வச்சு எடுத்துட்டே வா, அழிச்சு அழிச்சு எழுத வேண்டாம். விளையாடுறவங்க கண்ணுல படாம வை.

பேரைக் கடைசியா சொல்லு. ‘ஓகர் வருது’ன்னா பசங்க புத்தகத்தை நினைச்சுக்குவாங்க. ‘வைக்கோல்போர் அசையுது, காத்தே இல்லை’ன்னா உன்னைப் பார்ப்பாங்க.

உயிரை எடுக்கிற மான்ஸ்டரைவிடப் பொருளை எடுக்கிறது அதிகமா பயமுறுத்தும். ரஸ்ட் மான்ஸ்டர்னு ஒண்ணு இருக்கு, இரும்பைத் துருப்பிடிக்க வச்சுத் தின்னும். கைகாக்ஸ் கடையில வாங்கின மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து உருவாக்கினது. பத்து பாயிண்ட் போனா கவலைப்படாத பையன், ஆசையா வாங்கின வாள் துருப்பிடிக்கும்னா எழுந்து நின்னுடுவான். நம்ம திருவிழாக் கடைப் பொம்மைகளையும் இந்தக் கண்ணோட பாரு.

ஆட்டம் முடிஞ்சதும் அட்டைக்குப் பின்னாடி மூணு விஷயம் குறி: எத்தனை சுத்து போச்சு, பசங்க எதிர்பாராம என்ன செஞ்சாங்க, யார் எப்ப சலிச்சாங்க. அஞ்சு சுத்துக்கு மேல போனா ஹிட் பாயிண்டைக் குறை. மூணு சுத்துக்குள்ள முடிஞ்சு எல்லாரும் பேசிக்கிட்டே எழுந்தா அந்த அட்டையைப் பத்திரப்படுத்து, அடுத்த குழுவுக்கு ஆகும்.

முதல் ஆட்டத்துக்கு நான் திருத்தின கொள்ளிவாய்ப் பிசாசையே எடுத்துக்கோ. நாலு பேருக்கு ஒண்ணு போதும். ஆறு பேர் வந்துட்டா இன்னொரு பிசாசைச் சேர்க்காதே, கண்மாய்க்கரையில ரெண்டு நரியை விடு. ஹிட் பாயிண்ட் மூணு மூணு, முதல் அடி பட்டதும் ஓடிடும்.